தலைமாட்டு முக்காலியில் 9 புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் புத்தகக் காட்சி முடிந்ததும் சொந்தக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இப்ப என்ன படிக்கிற? நாங்க எதை வாங்கலாம்?" தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் கேட்டவற்றையும் சொன்னவற்றையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். வீடு மேற்கு மாம்பலம், வேலை பாரிமுனை, வீட்டில் நானும் அம்மாவும். இந்த மூன்றும் பதில்களில் அடிக்கடி வரும்.

ஒரே நேரத்தில் 9 புத்தகமா? ஒன்றோடு ஒன்று குழம்பிவிடாதா?

குழம்பியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் இடமும் இருக்கின்றன. மாம்பலத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் சிறுகதை. காலையில் பால் காயும் நேரத்தில் ஒரு குறுந்தொகைப் பாட்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் புத்தகம் ஒன்று. பெரிய நாவலுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

இப்படிப் படிப்பதால் கிடைக்கும் ஒரு லாபத்தை எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தின் கதவைத் திறந்துவிடுகிறது. தனித்தனியாகப் படித்திருந்தால் கண்ணில் படாமல் போயிருக்கும் விஷயங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது தானாகவே தெரிகின்றன. உதாரணம் கீழே வரும்.

சரி, அடுக்கில் இப்போது என்னென்ன இருக்கின்றன?

மேலிருந்து கீழே: குறுந்தொகை, புதுமைப்பித்தன் கதைகள், அசோகமித்திரனின் 'தண்ணீர்', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை', இமையத்தின் 'செல்லாத பணம்', ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', எல்லாவற்றுக்கும் அடியில் பூமணியின் 'அஞ்ஞாடி'. அது 1,000 பக்கத்துக்கு மேல், அதனால் அடுக்குக்கு அஸ்திவாரம் மாதிரி இருக்கிறது. சிலவற்றை இரண்டாம் முறை படிக்கிறேன்.

'என் சரித்திரம்' அவ்வளவு பெரிய புத்தகம். தமிழ் வாத்தியார் வாழ்க்கையில் படிக்க அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

1855இல் பிறந்த உத்தமதானபுரத்துப் பையன் ஒருவன், தமிழ் படித்தே ஆக வேண்டும் என்று ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி அலைகிறான். அப்பாவுக்குச் சம்பாத்தியம் குறைவு. யார் வீட்டிலாவது தங்கினால்தான் சாப்பாடு. கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறான். அந்தப் பகுதி முழுக்க, ஒரு மாணவனுக்கு ஆசிரியர் மேல் இருக்கும் பயமும் பாசமும் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பையனுக்கு வேங்கடராமன் என்று பெயர். வீட்டில் சாமா என்றும் கூப்பிடுவார்கள். பிள்ளையவர்கள்தான் சாமிநாதன் என்று அழைக்க ஆரம்பிக்கிறார். 1876இல் ஆசிரியர் உயிர் பிரியும் இரவில் இவர் பக்கத்தில் இருந்து திருவாசகம் படிக்கிறார். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது என் குரல் நின்றுவிட்டது. அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொரு இடம். 1880 அக்டோபர் 21, கும்பகோணம். சேலம் இராமசாமி முதலியார் அங்கே முனிசீப்பாக வந்திருக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. அவ்வளவு பெரிய ஆசிரியரிடம் அத்தனை வருஷம் படித்தவருக்கு, அந்த நூலைக் கண்ணால் பார்க்கவும் வாய்க்கவில்லை! அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் சுவடி தேடும் வேலை தொடங்குகிறது. 7 வருஷம் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வருகிறது. தனக்குத் தெரியாததை இப்படி மறைக்காமல் எழுதியிருப்பதுதான் எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த குணம்.

கடினமான தமிழாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். இது 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாராவாரம் சாதாரண வாசகர்கள் படித்தார்கள். 122 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சில பக்கம்தான். தினம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாலு மாதம்.

குறுந்தொகையை உரை இல்லாமல் படிக்க முடியுமா?

எனக்கு முடியாது, உரையோடுதான் படிக்கிறேன். அதில் எந்தக் குறையும் இல்லை. 401 பாட்டு. பெரும்பாலும் 4 அடியிலிருந்து 8 அடிக்குள் முடிந்துவிடும். முதலில் பாட்டை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் உரை, திரும்பவும் பாட்டு. மூன்றாம் முறை பாதிச் சொற்கள் நமக்கே பழகியவையாகிவிடும்.

167ஆம் பாட்டைக் கூடலூர் கிழார் எழுதியிருக்கிறார். புதிதாகக் குடித்தனம் போன பெண், கட்டித் தயிரைக் கையாலேயே பிசைகிறாள். அந்தக் கையைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றிக் கட்ட நேரமில்லை. தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவன் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி. அவ்வளவுதான் பாட்டு. அடுப்படியில் நின்றுகொண்டு இதைப் படித்த அன்று, என் நைட்டியில் மஞ்சள்கறை இருந்தது. 2,000 வருஷம் என்பது பெரிய தூரமாகவே தோன்றவில்லை.

58ஆம் பாட்டு வெள்ளிவீதியாருடையது. வெயிலில் காய்கிற பாறை மேல் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் இருக்கிறது. காதல் நோய் அப்படிப் பரவுகிறது என்று சொல்கிறது. இந்தப் பாட்டைப் படித்த நாளில் வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

முன்னே சொன்ன கதவு திறப்பதற்கு இது ஓர் உதாரணம். குறுந்தொகையை உ.வே.சா. தன் உரையோடு 1937இல் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது 82. ராத்திரி அம்மாவுக்கு நான் படித்துக் காட்டும் ஏழைப் பையனும், காலையில் எனக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லும் பெரியவரும் ஒரே ஆள்தான்.

சென்னையைப் பற்றிய நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்?

ஒன்று போதாது, மூன்று சொல்கிறேன்.

முதலில் 'தண்ணீர்'. ஒரே உட்காரலில் படித்துவிடலாம். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. தெருவில் தண்ணீர் இல்லை. அடிபம்பு, குடம், வரிசை, சண்டை. குழாய்க்காகத் தெருவைத் தோண்டுகிறார்கள், குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலக்கிறது. எல்லாப் பக்கத்திலும் தண்ணீர் இருக்கிறது, ஆனால் நாவல் ஜமுனாவைப் பற்றியது. அவள் உடைந்து கிடக்கும்போது டீச்சரம்மா தன் சொந்த வாழ்க்கையைச் சொல்லி அவளை எழுப்பி நிற்கவைக்கும் இடம் இருக்கிறதே, அதில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் அது பலிக்கிறது.

இதை நான் முதலில் படித்தது 2019 கோடையில். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த வருஷம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு லாரி வரும் நேரம் தெரியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து படித்தேன். பின்னால் நின்ற அக்கா, "என்ன புக்கும்மா?" என்றார். பெயரைச் சொன்னதும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். லாரி வரும்வரை அவர் திருப்பித் தரவே இல்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. கலைமகளில் 1943இல் வந்த கதை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில், டிராமில் போவதா, அந்தக் காசை மிச்சம் பிடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தே திருவல்லிக்கேணி போவதா என்று கணக்குப் போட்டபடி நிற்கிறார் பிள்ளை. அங்கேதான் கடவுள் வந்து வழி கேட்கிறார். அந்த முனை என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். இன்றைக்குப் பிரகாசம் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை. டிராம் 1953லேயே நின்றுவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் ஷேர் ஆட்டோவா நடையா என்று அதே இடத்தில் நின்று யோசிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கதையைப் படித்த பிறகு அவர்கள் முகத்தை நின்று பார்க்கத் தோன்றுகிறது. அதே தொகுப்பில் 'மகாமசானம்' இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் சாகக் கிடக்கும் ஒரு பிச்சைக்காரர், பக்கத்தில் ஒரு சின்னப் பெண். சில பக்கம்தான். மனசு தயாராக இருக்கும் நாளில் படியுங்கள்.

மூன்றாவது 'பேட்டை'. சிந்தாதிரிப்பேட்டையை உள்ளிருந்து எழுதிய நாவல், 2018இல் வந்தது. நெசவாளர்களுக்காக 1734இல் உருவான ஊர் அது, பெயரே சின்னத் தறிப் பேட்டை என்பதிலிருந்து வந்தது என்பார்கள். கூவக் கரை, ஹவுசிங் போர்டு, கேரம் போர்டு, ஜெபக்கூட்டம், சாவு மேளம் எல்லாம் இரைச்சலோடு இருக்கின்றன. பேச்சுமொழி முதல் 20 பக்கத்துக்குக் கொஞ்சம் வேகமாக ஓடுவது போல இருக்கும். மெட்ராஸ் பாஷையைச் சினிமாவில் சிரிப்புக்காக மட்டும் கேட்டுப் பழகியவர்கள், அதே மொழியில் துக்கமும் பக்தியும் எப்படிப் பேசப்படுகின்றன என்று இதில் கேட்க வேண்டும்.

'புயலிலே ஒரு தோணி' பாதியில் நிற்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நிறைய பேர் அந்த நாவலில் முதல் 50 பக்கத்தில்தான் நிற்கிறார்கள், ஏனென்றால் அங்கே எதுவுமே பழகிய இடமில்லை. சுமத்ரா தீவின் மெடான் நகரம், ஜப்பான் படை உள்ளே வருகிறது, மலாய்ச் சொற்கள், டச்சுத் தெருப் பெயர்கள், நடுவில் திடீரென்று மதுரை வீதிகள். பொருள் தெரியாத சொல்லைத் தேடிக்கொண்டு நிற்காமல் கூட்டத்தில் நடப்பது மாதிரி நடந்துவிடுங்கள். கதாநாயகன் பாண்டியன் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். சிங்கப்பூர், மலேயா, பர்மா என்று போய் வட்டிக்கடையில் உட்கார்ந்த நம் ஆட்களின் வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதிலேயே மெடானுக்கு வேலைக்குப் போனவர். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்.

இன்னொரு கதவு இங்கே திறந்தது. ஜப்பான் படை மெடானுக்குள் நுழைந்தது 1942 மார்ச். அடுத்த மாதமே ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை காலியாகிறது. அப்படி ஊரைவிட்டுத் திருக்கழுக்குன்றம் போன குடும்பங்களில் ஒன்று உ.வே.சா.வுடையது. ஏப்ரல் 28ஆம் தேதி அவர் அங்கேயே காலமானார். 'என் சரித்திரம்' முடியாமல் நின்றது. நாவலின் முதல் காட்சிக்கும் தன்வரலாற்றின் கடைசிப் பக்கத்துக்கும் நடுவே இடைவெளி சில வாரம்தான். பல வருஷமாக இரண்டு புத்தகமும் என் வீட்டில் இருக்கின்றன. ஒரே அடுக்கில் வைத்துப் படித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

'அஞ்ஞாடி'யை முடித்துவிட்டீர்களா?

பாதி தாண்டியிருக்கிறேன். 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரை போகிற கதை. ஆனால் நாவலின் உயிர் எனக்கு ஆண்டி, மாரி என்ற இரண்டு சிநேகிதர்கள்தான். ஒருவர் உழவு, ஒருவர் வெளுப்பு. கரிசல் காட்டில் பையன்களாகச் சுற்றித் திரியும் பக்கங்களை அவசரப்பட்டுப் படிக்க மனசே வரவில்லை. 2014இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். ஞாயிற்றுக்கிழமைக்கு 40 பக்கம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

'செல்லாத பணம்' ரொம்பச் சோகமாமே? படிக்கலாமா?

சோகம்தான். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ரேவதி தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வார்டு வாசலில் அப்பா, அம்மா, அண்ணன். நாவலின் பெரும்பகுதி பேச்சு. பேசிப் பேசித்தான் அவர்கள் நேரத்தைத் தள்ளுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் தெரியும். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் இப்போது வேண்டாம், தள்ளிவையுங்கள். இல்லையென்றால் படியுங்கள். நான் ரயிலில் படிக்க ஆரம்பித்து, சேத்துப்பட்டு தாண்டியதும் மூடி வைத்துவிட்டு வீட்டில்தான் தொடர்ந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழ்ப் புத்தகமே தொடவில்லை. எதில் ஆரம்பிப்பது?

'கோபல்ல கிராமம்'. யோசிக்கவே வேண்டாம். கி.ரா. எழுதியதைப் படிப்பது, திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்பது போலத்தான். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி: தாகத்தோடு தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணியை நகைக்காகத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான் ஒரு திருடன். அவள் அவன் கால் கட்டைவிரலை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். அந்தப் பிடி உங்களையும் விடாது. அப்புறம் மங்கத்தாயாரு அம்மாள் என்ற 100 வயது தாண்டிய பாட்டி, தெலுங்கு தேசத்திலிருந்து தங்கள் கூட்டம் தப்பி வந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். அண்ணன் மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு இதைத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி 11 மணிக்கு, "அத்தை, இதுக்கு அடுத்த பாகம் இருக்கா?" என்று போன் செய்தாள். இருக்கிறது, 'கோபல்லபுரத்து மக்கள்'.

'பொன்னியின் செல்வன்' இல்லாமல் ஓர் அடுக்கா?

எட்டாம் வகுப்பு லீவில் பெரியப்பா வீட்டில் படித்தாயிற்று. 1950களில் கல்கியில் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள், விளம்பரங்களோடு. மறுபடி படித்தால் அந்த பைண்டில்தான் படிப்பேன்.

பிடிக்காத புத்தகத்தை என்ன செய்வீர்கள்?

50 பக்கம் பார்ப்பேன். பிறகு பிடிக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ப்பேன்.

புத்தகம் எங்கே வாங்குகிறீர்கள்? விலை கட்டுப்படியாகிறதா?

புதியவை பெரும்பாலும் புத்தகக் காட்சியில்தான். 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, பதிப்பாளரையே நேரில் பார்த்துக் கேட்கலாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு முதல் ஞாயிறு போகாதீர்கள், வாரநாளில் மதியம் போங்கள்.

பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள். பெரியப்பா தலைமுறைக்கு மூர் மார்க்கெட்தான் எல்லாம். 1985இல் அது எரிந்ததைப் பற்றி, வீட்டில் ஒருவர் போனது போலத்தான் இன்றும் பேசுவார். என் குறுந்தொகை அவர் அங்கே வாங்கியது. முன்பக்கத்தில் வேறு யாரோ ஊதா மையில் எழுதிய தேதி இருக்கிறது.

காசு கொடுக்காமல் படிக்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் போதும். 1896இல் திறந்தது. நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு.

இரவல் கொடுப்பீர்களா?

கொடுப்பேன், நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொண்டு. இரண்டு மட்டும் வீட்டைவிட்டு வெளியே போகாது. ஒன்று அந்தக் குறுந்தொகை. இன்னொன்று 'என் சரித்திரம்'.

2015 டிசம்பர் மழையில் எங்கள் தரைத்தள வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தவை எல்லாம் நனைந்துவிட்டன. 'என் சரித்திரம்' ஊறிப்போய் இரண்டு மடங்கு பருமனாக இருந்தது. அம்மா 10 பக்கத்துக்கு ஒரு செய்தித்தாளைச் செருகி, கரண்ட் வந்ததும் ஃபேனுக்கு அடியில் நிற்கவைத்து, தினமும் தாளை மாற்றி, மேலே அம்மிக்குழவியை வைத்து அழுத்தினார். 12 நாள் ஆயிற்று. ஓரமெல்லாம் பழுப்புக் கறை, தாள் மொடமொடவென்று சத்தம் போடும், ஆனால் ஓர் எழுத்துகூடப் போகவில்லை. அதன் பிறகுதான் புத்தகங்கள் முக்காலிக்கு மேல் ஏறின.

அடுத்து என்ன?

அம்மாவும் நானும் 'என் சரித்திர'த்தில் 97ஆம் அத்தியாயத்தில் இருக்கிறோம். முடியாமல் நின்றுபோன புத்தகம் என்று தெரிந்ததிலிருந்து அம்மா தினம் ஒன்றுக்கு மேல் படிக்கவிடுவதில்லை. 122ஐ முடித்ததும் பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரில் இருக்கும் நூலகத்துக்குப் போகலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். அவர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த சுவடிகள் அங்கே இருக்கின்றன. ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார் அம்மா.